அலைவரிசை கேள்வி–பதில்: மாநகரத்துக்குக் குடிபோகிறவர் எந்த ஸ்கேனர் வாங்குவது?

கேள்வி: குன்னூரில் இருந்து அடுத்த மாதம் சென்னைக்குக் குடிபோகிறோம். நான்கு மாடி அடுக்ககத்தில் மூன்றாவது மாடி வீடு. இதுவரை பண்பலை, மத்திய அலை, சிற்றலை எல்லாம் கேட்டிருக்கிறேன். புது ஊருக்குப் போகும்போது நல்ல ஸ்கேனர் (பல அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தானே தேடிக் கேட்கும் ரேடியோ) ஒன்று வாங்கிவிட ஆசை. யூடியூப்பில் எல்லாரும் யூனிடென் எஸ்டிஎஸ்100 வாங்கு என்கிறார்கள். சென்னைக்கு அது சரிவருமா? வேறு எதை வாங்கலாம்?
— வாசகர், குன்னூர்

பதில்: சரிவராது, வாங்க வேண்டாம். கருவியில் குறை இல்லை. அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலை சென்னையில் கிடையாது. அமெரிக்காவில் காவல், தீயணைப்புத் துறைகள் பேசும் பி25 டிரங்கிங் முறையை (பல குழுக்கள் சில அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும் டிஜிட்டல் பேச்சு) அவிழ்க்கத்தான் அதன் விலையில் பெரும்பகுதி போகிறது. அதில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும் அலைவரிசைப் பட்டியலும் அந்த நாட்டுக்குரியது. சென்னையில் அதைப் போட்டால் சாதாரண அனலாக் ஸ்கேனர் செய்கிற வேலையைத்தான் செய்யும்.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வானொலி ஒலிபரப்பை யாரும் கேட்கலாம். போலீஸ், வனத்துறை, விமானக் கட்டுப்பாட்டு அறை போன்றவற்றின் பேச்சு பொதுமக்களுக்கானது அல்ல. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஒரு செய்தியை அனுமதியின்றி இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரேடியோ கருவியைக் கையில் வைத்திருக்கவே அங்கீகாரம் வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆகவே ஒலிபரப்பைத் தாண்டிக் கேட்க விரும்புகிறவர் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமத் தேர்வு எழுதிவிட்டுக் கருவி வாங்குவதே முறை. 12 வயது நிரம்பியவர் எவரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும்.

இனி வாங்கும் விஷயம். கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டு "என்ன கேட்கலாம்?" என்று தேடுவதுதான் பலரும் செய்கிற தவறு. போகிற ஊரின் காற்றில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இணையம் வழியாக யாரும் இயக்கும்படி திறந்துவிட்டிருக்கும் ரிசீவர்கள் பல இருக்கின்றன. குன்னூரில் உட்கார்ந்தபடியே அவற்றில் இரண்டு வாரம் கேளுங்கள். எந்த நேரத்தில் எந்த அலைவரிசைக்கு உயிர் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் கடைப் பட்டியல்.

உங்களுக்கு நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில் எஸ்எஸ்பி (ஹாம் பேச்சைக் கேட்க வேண்டிய ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள சிற்றலை ரேடியோ. டெக்சன் பிஎல்-330 போதும். பண்பலை, மத்திய அலை, சிற்றலை மூன்றும் வரும், 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஹாம் பேச்சும் கேட்கும். அங்கே எல்எஸ்பி என்ற நிலையில் வைக்க வேண்டும். மறந்துவிட்டால் மனிதக் குரல் வாத்துச் சத்தம் மாதிரி வரும். செட் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் போடுவது பிஎல்-5சி பேட்டரி. பழைய நோக்கியா போன்களில் இருந்த அதே பேட்டரி என்பதால் எந்த செல்போன் கடையிலும் கிடைக்கும். இந்தச் சின்ன விஷயம் நான்கு வருடம் கழித்து உதவும்.

உரிமம் கைக்கு வந்த பிறகு, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் கருவி. இங்கே இரண்டு வழி. கையில் எடுத்துப் போக வேண்டுமென்றால் யூனிடென் பிசி125ஏடி போன்ற அனலாக் ஸ்கேனர். அதில் 500 அலைவரிசைகளை நினைவில் வைக்கலாம். உங்களுக்கு 20 கூடத் தேவைப்படாது. வீட்டில் மடிக்கணினி இருந்தால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் மேல். விரல் நீளக் கருவி, யுஎஸ்பியில் சொருகினால் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு என்னென்ன ஒலிக்கிறது என்று திரையில் ஒரே பார்வையில் காட்டும். ஸ்கேனர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறது. இது தெருவையே காட்டிவிடுகிறது. புது ஊரில் இருப்பவருக்கு அதனால்தான் இதைச் சொல்கிறோம்.

ஹாம் ரிப்பீட்டரை (ஒருவர் பேச்சை வாங்கி வேறு அலைவரிசையில் மறுபடி அனுப்பும் நிலையம்) கேட்க அதன் வெளியீட்டு அலைவரிசையை மட்டும் பதிந்தால் போதும். 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் உள்ளீடு வேண்டியதில்லை. ஸ்கேனரில் வைக்க வேண்டியவை: மோட் என்எஃப்எம் (குறுகிய எஃப்எம்), ஸ்டெப் 12.5 கிலோஹெர்ட்ஸ், டிலே 2 நொடி. டிலே வைக்காவிட்டால் ஒருவர் பேசி முடித்து மற்றவர் பதில் சொல்வதற்குள் ஸ்கேனர் அடுத்த அலைவரிசைக்கு ஓடிவிடும். கூடவே 145.800-ஐயும் போட்டு வையுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சில நாட்கள் விண்வெளி வீரரின் குரலே வரும். நகரும் வேகத்தால் அலைவரிசை மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை இடம் பெயரும். எஃப்எம்மில் அது தொந்தரவில்லை, டயலைத் தொடாமல் கேளுங்கள்.

குன்னூர்க்காரருக்குச் சென்னையில் முதலில் மனம் சோர்ந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால், ரேடியோவின் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் பக்கம் திறந்திருக்கும் வீட்டுக்கு 177 கிலோமீட்டர். சென்னையில் உங்கள் மொட்டை மாடி 15 மீட்டர் என்று வைத்தால் 16 கிலோமீட்டர். குன்னூரில் ஜன்னலோரம் ரப்பர் ஆன்டெனாவோடு கேட்டதெல்லாம் அங்கே கேட்காது. அதற்காக விலை கூடிய செட்டுக்கு ஓடாதீர்கள். பணத்தை மாடியில் போடுங்கள்.

மாடி ஆன்டெனாவுக்கு: எஸ்ஓ-239 என்ற ஆன்டெனா சாக்கெட் ஒன்று, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. நடுவில் 49 சென்டிமீட்டர் செங்குத்துக் கம்பியைப் பற்றவைத்து, நான்கு மூலைகளிலும் 51 சென்டிமீட்டர் கம்பிகளை 45 பாகை கீழ்நோக்கி வளைத்துப் பொருத்துங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு இது கச்சிதம். கேபிளுக்கு, கேபிள் டிவிக்காரர்கள் போடும் ஆர்ஜி6. அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம். கேட்பதற்கு மட்டும் என்றால் இந்த வித்தியாசத்தால் வரும் இழப்பு காதுக்குத் தெரியாது. 15 மீட்டர் ஆர்ஜி6-இல் இந்த அலைவரிசையில் ஒன்றரை டெசிபெல்லுக்கும் குறைவாகவே இழப்பு. அதே நீளத்துக்கு ஆர்ஜி58 போட்டால் மூன்று டெசிபெல், அதாவது வந்த சிக்னலில் பாதி.

அடுத்த சிக்கல் சென்னைக்கே உரியது: பண்பலை நிலையங்களின் நெரிசல். 91.1, 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக வலுவான நிலையங்கள். இவை டாங்கிளுக்குள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்தில் பேய்ச் சிக்னல்களை உண்டாக்கும். ஒரு கணக்கு: மூன்று 106.4-இலிருந்து இரண்டு 91.1-ஐக் கழித்தால் 137.0. வானிலைச் செயற்கைக்கோள்கள் படம் அனுப்பும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. இதற்கு 88 முதல் 108 வரை தடுக்கும் எஃப்எம் பேண்ட்-ஸ்டாப் ஃபில்டர் விற்கிறது. ஆன்டெனா கேபிளுக்கும் டாங்கிளுக்கும் நடுவே போடுங்கள். பூஸ்டர் இருந்தால் அதற்கு முன்னால் போட வேண்டும்; பின்னால் போட்டால் கலப்பு பூஸ்டரிலேயே நடந்து முடிந்திருக்கும், பயனில்லை.

கடைசியாக இரைச்சல். எல்இடி பல்பு, பிஎல்டிசி மின்விசிறி, இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் எல்லாமே சிற்றலையிலும் மத்திய அலையிலும் சீறும். புது வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்பே, பேட்டரியில் ஓடும் ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். சீறல் எங்கே குறைகிறதோ அதுதான் உங்கள் ரேடியோ மேசைக்கு இடம். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். சீறல் அடங்கினால் அது உங்கள் வீட்டுச் சரக்கு. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு ஆளைப் பிடித்துவிடலாம். அடங்காவிட்டால் அது பக்கத்து வீட்டிலிருந்து வருவது. மாடியில் ஆன்டெனா வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரிலிருந்து பெருநகரப் பகுதிக்கு மாறுகிறார்கள். மருமகன் பிசி125ஏடி ஸ்கேனரில் உள்ளூர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சைக் கேட்பார். அங்கே அதெல்லாம் அனுமதி உண்டாம். புது ஊரிலும் அது வேலை செய்யுமா? பிறந்தநாளுக்கு வேறு வாங்கித் தரலாமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, பரிசு வாங்குவதற்கு முன் மருமகனிடம் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

புது ஊரின் பேச்சு என்கிரிப்ஷன் (வெளியார் கேட்க முடியாதபடி குறியாக்கம்) செய்யப்பட்டதா? ஆம் என்றால் உலகில் எந்த ஸ்கேனரும் உதவாது, பணத்தைச் செலவழிக்காதீர்கள். பல இடங்களில் காவல்துறைப் பேச்சை மூடிவிட்டு தீயணைப்பைத் திறந்து வைத்திருப்பார்கள்; ஆகவே துறை துறையாகப் பார்க்க வேண்டும்.

திறந்திருக்கிறது என்றால், அது அனலாக்கா, பி25 டிரங்கிங்கா? அமெரிக்கப் பெருநகரங்களில் பெரும்பாலும் 700, 800 மெகாஹெர்ட்ஸ் டிரங்கிங்தான். அவர் கையில் இருக்கும் கருவி 512 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், டிஜிட்டலும் புரியாது. புதிதாக வாங்கும்போது பி25-இன் பேஸ் 1, பேஸ் 2 இரண்டையும் அவிழ்க்குமா என்று பெட்டியில் பாருங்கள். பேஸ் 2-இல் ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் தடத்தில் இரண்டு பேச்சுகள் காலத்துண்டுகளாக மாறிமாறி ஓடும். பேஸ் 1 மட்டும் தெரிந்த பழைய ஸ்கேனர் அங்கே ஊமை. பழைய மாடல்கள் மலிவாக விற்பனைக்கு வருவது இதனால்தான்.

மூன்றாவதுதான் முக்கியம், பலர் இதைக் கேட்பதே இல்லை. அங்கே சைமல்காஸ்ட் முறையா? பெருநகரத்தில் பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும். உங்கள் கருவிக்கு அவை மைக்ரோ நொடிக் கணக்கில் முன்பின்னாக வந்து சேர்ந்து ஒன்றையொன்று குலைக்கும். சிக்னல் கம்பி முழுதாகக் காட்டும், குரல் மட்டும் உடைந்து உடைந்து விழும். பெரிய ஆன்டெனா போட்டால் தூரத்துக் கோபுரங்களும் சேர்ந்துகொண்டு நிலைமை இன்னும் மோசமாகும். இதைச் சமாளிக்கும்படி செய்யப்பட்டதுதான் எஸ்டிஎஸ்100, அதன் மேசை வடிவம் எஸ்டிஎஸ்200. சைமல்காஸ்ட் இல்லாத ஊரென்றால் பிசிடி436எச்பி போன்றது போதும். டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் என்ற வேறு டிஜிட்டல் முறைகள் அந்த ஊரில் இருந்தால், யூனிடெனில் அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டித் திறக்க வேண்டும். அதையும் பரிசுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெருநகரப் பகுதி என்பது ஒரே ஊரல்ல. பல கவுன்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) சேர்ந்தது, ஒவ்வொன்றும் தனி அமைப்பு வைத்திருக்கலாம். வீடு இருக்கும் கவுன்டி, வேலைக்குப் போகும் கவுன்டி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நியூயார்க், புளோரிடா, இந்தியானா, கென்டக்கி, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைத்துக் கேட்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

பழைய கருவியைத் தூக்கிப்போட வேண்டாம். ரயில்வே பேச்சு 160, 161 மெகாஹெர்ட்ஸிலும், வானிலை அறிவிப்பு 162.400 முதல் 162.550 வரையிலும் அங்கே இன்னும் அனலாக்தான். புயல் வரும் இரவில் அந்தச் சின்னக் கருவிதான் முதலில் எச்சரிக்கும்.

கேள்வி: கொடைக்கானலில் டாங்கிள் வாங்கிப் போட்டேன். திரையில் எங்கே திருப்பினாலும் கோடைப் பண்பலையின் 100.5 பாட்டுதான். டாங்கிள் பழுதா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: பழுதில்லை. 10 கிலோவாட் நிலையத்தின் கோபுரத்துக்கு அடியில் குடியிருக்கிறீர்கள். டாங்கிளின் உள்ளே இருப்பது சிக்னலை எண்களாக மாற்றும் 8 பிட் மாற்றி. அவ்வளவு பெரிய சிக்னலையும் மெல்லிய சிக்னலையும் ஒரே நேரத்தில் அளக்க அதற்குத் திராணி இல்லை.

பேயா நிஜமா என்று பார்க்க: தானியங்கி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) அணைத்துவிட்டு, கையால் 6 டெசிபெல் குறையுங்கள். நிஜச் சிக்னல் 6 குறையும். கலப்பில் பிறந்த பேய் 18 அளவுக்கு விழும், அல்லது காணாமலே போகும்.

மருந்து செலவில்லாதது. எஃப் வகை டி-கனெக்டர் (கேபிள் டிவிக்குப் போடும், மூன்று வாயுள்ள இணைப்பான்) ஒன்றும் ஒன்றரை முழம் ஆர்ஜி6 கேபிளும் போதும். டி-யை டாங்கிளுக்குப் பக்கத்தில் போட்டு, அதன் மூன்றாவது வாயில் 66 சென்டிமீட்டர் ஆர்ஜி6 துண்டை மாட்டுங்கள். துண்டின் மறுமுனையில் எதையும் இணைக்காதீர்கள். நடுக் கம்பியும் அதைச் சுற்றியுள்ள உலோக வலையும் ஒட்டாமல் திறந்தே இருக்கட்டும். 100.5-ஐத் திரையில் வைத்துக்கொண்டு துண்டை 5 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டராக நறுக்குங்கள். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பள்ளம் (சிக்னல் அமுங்கும் இடம்) சுமார் 0.16 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். நுரைப் பொதி வைத்த ஆர்ஜி6 என்றால் 62 சென்டிமீட்டரை நெருங்கும்போது பாட்டு சட்டென்று அமுங்கும். 64-க்கு வந்ததும் 2 மில்லிமீட்டராக நறுக்குவது நல்லது. தாண்டிவிட்டால் ஒட்ட முடியாது, புதுத் துண்டுதான். பொதி கெட்டியாக இருக்கும் பழைய வகைக் கேபிளில் நீளம் 49-க்கு அருகே வரும், ஆகவே அங்கே 53-இல் தொடங்கினால் போதும். சரியான இடத்தில் கத்தரித்த துண்டு 20 டெசிபெல்லுக்கு மேல் குறைத்துவிடும். முனையை டேப்பால் மூடுங்கள்.

இதற்கு விலை ஒன்று உண்டு. 145 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபெல்லும் 137-இல் இரண்டு டெசிபெல்லும் இழப்பு வரும். கோபுரத்தடியில் இருப்பவருக்கு அது பொருட்டே அல்ல. வானிலைப் படம் பிடிப்பதே உங்கள் நோக்கம் என்றால், 53.4 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை 120 பாகை விரித்து, தரைக்குப் படுக்கையாக, திறந்த வாய் வடக்கு பார்க்க வையுங்கள். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் செயற்கைக்கோள்கள் 137.9-இல் கடக்கும்போது மேகப் படம் திரையில் வரிவரியாக இறங்கும். பழைய நோவா செயற்கைக்கோள்கள் மூன்றும் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றுக்கான பழைய பாடங்களைப் பார்த்து நேரம் வீணாக்காதீர்கள்.

கேள்வி: ஊட்டியில் மாடி ஆன்டெனா வைத்து ஒரு வருடம்தான் ஆகிறது. முதலில் நன்றாக இருந்தது, இப்போது எதுவும் கேட்கவில்லை. செட்டை மாற்ற வேண்டுமா?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: செட்டைத் தொடாதீர்கள். மேல் முனைக் கனெக்டரைக் கழற்றி, அதிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கேபிளின் தோலை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வலை பளபளவென்று இல்லாமல் கறுத்து, விரலில் தேய்த்தால் பொடி ஒட்டினால், தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஊட்டிப் பனிமூட்டம் மழையைவிடக் கெடுதல். மழை வழிந்து ஓடிவிடும். பனி கனெக்டரின் மரையில் உட்கார்ந்து, வலை வழியாகத் திரி எண்ணெய் இழுப்பதுபோல மீட்டர் கணக்கில் உள்ளே போகும். பளபளப்பான வலை தெரியும் வரை வெட்டித் தள்ளுங்கள். இரண்டு மீட்டர் போனாலும் போகட்டும்.

புது எஃப் கனெக்டர் போடும்போது வலையின் ஒற்றை இழைகூட நடுக் கம்பியைத் தொடக்கூடாது. கேபிளின் இரு முனையும் எதிலும் மாட்டாமல் இருக்கும்போது மல்டிமீட்டரை நடுக் கம்பிக்கும் வலைக்கும் வைத்துப் பாருங்கள். பீப் அடித்தால் எங்கோ ஓர் இழை ஒட்டியிருக்கிறது. மூட்டின் மேல் முதலில் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண கறுப்பு டேப். கறுப்பு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குவது மாதிரி, மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும். கேபிள் ஜன்னலுக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி முனையை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். இடி கேட்ட பிறகு கேபிளில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் யானை வந்தால் ஆட்களை எச்சரிக்க வாக்கிடாக்கி வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீன செட் வாங்கலாமா?
— வாசகர், கூடலூர்

பதில்: எந்த அலைவரிசையிலும் பேசக்கூடிய அந்தச் செட்டை உரிமம் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அலைவரிசைக்குள் மட்டும் இயங்கும், இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்று பெற்ற செட் என்று பில்லில் எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள். சரிவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்றால் நேராகக் கேட்காது. மேட்டில் நிற்கும் ஒருவரிடம் மூன்றாவது செட்டைக் கொடுத்து, அவர் வாய்வழியாகச் செய்தியைக் கடத்தட்டும். தினமும் காலையில் ஆள் இறங்குமுன் மூன்று செட்டையும் பேசிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.